கோழிக் குஞ்சுகளுக்கு ஏற்ற படுக்கை எது?

பஞ்சுருண்டை போன்ற பத்துக் குஞ்சுகளைக் கடதாசிப் பெட்டியொன்றில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆளுக்கொரு குஞ்சைத் தமதாக்கிப் பெயரும் இட்டுவிடுவர். மூன்றாம் நாள் ஒன்று கால்களை இரு பக்கமும் பரப்பியபடி எழ மாட்டாமற் கிடக்கிறது. அடுத்த கிழமை இன்னொன்று வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. மாதம் ஒன்று ஆகும்போது மிஞ்சியவற்றுட் சில இரத்தமாகக் கழிந்து இறக்கின்றன. குஞ்சு விற்றவரைக் குறைகூறுவாரும் உளர். நாவூறு என்பாரும் உளர். தீனியையும் தண்ணீரையும் பலமுறை பார்த்த நாம், அக்குஞ்சுகள் இரவும் பகலும் நின்றும் கிடந்தும் கிளறியும் வாழ்கின்ற படுக்கையை ஒருமுறையேனும் குனிந்து பார்த்தோமா?

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுக்கு இக்கவலை இல்லை. குளிர்ந்தால் தாயின் வயிற்றின் கீழ் ஒதுங்கும். எச்சமிட்ட இடத்திலேயே நாள் முழுவதும் நில்லாமல் தாயின் பின்னே புதிய நிலத்துக்குச் சென்றுவிடும். தாயின்றிப் பெட்டியில் வளரும் குஞ்சுக்கோ, சீமெந்துத் தரையின் குளிரைத் தடுப்பதும், எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவதும், நடை பழகப் பிடிமானம் கொடுப்பதும் படுக்கையின் வேலையாகிவிடுகின்றன.

நம்மவர் முதலில் எடுத்து விரிப்பது பழைய புதினப் பத்திரிகையை. பத்திரிகையில் எழுதும் நாமே இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் வாசித்து முடித்த இத்தாளை அருள்கூர்ந்து குஞ்சின் காலடியில் மட்டும் வெறுமனே விரிக்காதீர்கள். அது வழுக்கும், நனைந்தால் மேலும் வழுக்கும். பொரித்த குஞ்சின் வயிற்றினுள் மஞ்சட் கருவின் எச்சம் இருப்பதால் இரண்டு நாள் வரை அது தீனியின்றியும் தாங்கும். ஆனால் அதன் மூட்டுகள் கெடுவதற்கு வழுக்கும் தரையில் அவ்விரண்டு நாட்களே போதும். கால் பரந்த குஞ்சை உடனே கண்டால் காப்பாற்றலாம். இரு கால்களையும் இயல்பான நிலையில் நிற்கும் அளவு இடைவெளி விட்டு, மெல்லிய துணிக்கீற்றினால் இறுக்காமற் பிணைத்துச் சொரசொரப்பான விரிப்பில் விட்டால், பெரும்பாலானவை சில நாட்களில் தேறிவிடும். நாள் கடந்தபின் பிணைத்துப் பயன் இல்லை.

மரத்தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாட்களில் குஞ்சுக்குத் தீனி எது, தூள் எது என்று தெரியாது, கண்டதையெல்லாம் கொத்தும். நுண்ணிய மரத்தூளை விழுங்கினால் அது தீனிப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். தச்சுப் பட்டறையில் இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் மரச்சீவலோ மிக நல்லது. ஈரத்தை நன்கு உறிஞ்சும். ஆயினும் வாங்குமுன் அது எந்த மரத்தினது என்று கேட்டறிதல் வேண்டும். ஒட்டுப் பலகை, வர்ணம் பூசிய பலகை, பூச்சி அரிக்காதிருக்க மருந்திட்ட மரம், கடும் மணம் வீசும் மரம் ஆகியவற்றின் சீவல் ஆகாது.

நெல் விளையும் நம் நாட்டிலே எளிதிற் கிடைப்பது உமி. அரிசி ஆலைக்குச் சென்றால் சாக்குக் கணக்கில் கிடைக்கும். மரச்சீவலைப்போல் ஈரத்தை உறிஞ்சாவிடினும், இறுகாமல் உதிரியாக இருக்கும். இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு அதன்மேல் சுத்தமான சாக்கை விரித்து, அதிலே தீனியைத் தூவினால், குஞ்சு தீனியை அறிந்துகொள்ளும், உமியை விழுங்காது. சாக்கின் விளிம்பில் தொங்கும் நூல்களை முதலில் வெட்டிவிடுங்கள். அவை விரல்களைச் சுற்றிக்கொள்ளும்.

ஆனால் மாரியில் நனைந்து பூஞ்சணம் பிடித்த உமியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடவேண்டாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் அத்தகையதே. பறவையின் சுவாசப்பை நம்முடையதைப்போல் விரிந்து சுருங்குவதன்று. உடலினுள்ளே பரந்துள்ள காற்றுப்பைகளின் வழியாகவே காற்று அதனூடே செல்கின்றது. அவ்வழியே பூஞ்சண வித்துகள் உட்புகுந்து முளைத்தால் குஞ்சு வாயைப் பிளந்து மூச்சுக்குத் திண்டாடும். அந்நோய்க்கு ஆளான குஞ்சு பிழைப்பது அரிது. மணந்து பார்த்து, மக்கிய வாடை அடித்தால் சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுக.

உப்புப் படிந்த கடல் மணல் கூடாது. தும்புத்தூள் நீரைப் பெரிதும் உறிஞ்சுமாயினும், காய்ந்தால் தூசி பறக்கும்.

எதைப் பரப்பினாலும், ஈரமாக விட்டால் எல்லாம் ஒன்றே. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் எச்சத்தோடு வெளிவருகின்றபோது உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் வாய்த்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றது. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி எறியும் தாய்மார் அதற்கு அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. நீர்ப் பாத்திரத்தைச் செங்கல்லின்மேல் வைத்தால் சிந்துவது குறையும். படுக்கையில் ஒரு பிடியை அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி; சற்றே ஒட்டிப் பின் உதிர்ந்தால் அளவு சரி. நிமிர்ந்து நிற்கும் நமக்கு நாற்றம் தெரியாது. குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்தால் கண்ணை எரிக்கும் அமோனியாவை அறியலாம். ஏற்கனவே கழிச்சல் கண்டிருந்தால், படுக்கையை மாற்றுவதோடு நில்லாது மிருக வைத்தியரிடம் மருந்து பெறவேண்டும்.

முதற் கிழமை குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்னர் கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ்கள் வெளிச்சம் தருவனவேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தருவனவல்ல. சூடு தரும் பழைய குமிழைத் தொங்கவிடுவோர் அதனை இரு கயிற்றாற் கட்டுதல் நன்று. ஒன்று அறுந்து குமிழ் உமியில் விழுந்தால் வீடே தீப்பற்றக்கூடும்.

படுக்கையைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும். சல்மொனெல்லா என்னும் கிருமி நோயற்ற குஞ்சின் எச்சத்திலும் இருக்கலாம். குஞ்சை முத்தமிடும் பழக்கத்தையும் தடுத்துவிடுங்கள். அள்ளிய பழைய படுக்கையைப் பச்சையாகவே மிளகாய்க் கன்றின் அடியில் இட்டால் வேர் கருகும்; குப்பைக் குழியில் இலைதழையோடு சில மாதம் மக்கவிட்டு, பின்னர் வாழைக்கு இடலாம்.