வீட்டுக் கணிப்பொறியும் தானியங்கிக் காப்பு நகலும்

மார்ச் 31 அரசு அலுவலகங்களுக்கு நிதியாண்டின் இறுதி நாள். 2011 முதல் அது உலகக் காப்பு நகல் நாளாகவும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. கணிப்பொறியிலுள்ள தகவல்களுக்கு மறுபிரதி எடுத்து வைக்குமாறு நினைவூட்டுவதே அதன் நோக்கமாகும். ஆயினும், ஆண்டுக்கொருமுறை எடுக்கும் பிரதியால் பயன் குறைவே. ஜனவரித் தொடக்கத்தில் வன்தட்டு பழுதுற்றால், ஆய்வு மாணவர் ஒருவரின் ஒன்பது மாத உழைப்பு மறைந்துவிடும்.

எனவே இப்பணியை மனித ஞாபகத்திற்கு விடாமல் இயந்திரத்திடமே ஒப்படைத்தல் நலம். ஆப்பிள் நிறுவனம் 2007இல் 'டைம் மெஷின்' வசதியையும், மைக்ரோசாப்ட் 2012இல் விண்டோஸ் 8உடன் 'பைல் ஹிஸ்டரி' வசதியையும் அளித்தன. வெளி வன்தட்டு ஒன்றை இணைத்து ஒருமுறை அமைத்துவிட்டால், மணிக்கொருமுறை மாறிய கோப்புகள் மட்டும் பிரதியாகும். முந்தைய வடிவங்களும் பாதுகாக்கப்படும்.

இணையக் கிடங்குடன் கோப்புகளை ஒத்திசைத்தாலே போதும் எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. இங்கு அழிக்கப்பட்டது அங்கும் அழியும். சில நாட்கள் குப்பைத் தொட்டியில் தங்குவதே மிச்சம்.

எப்போதும் இணைந்திருக்கும் வன்தட்டுக்கும் ஆபத்து உண்டு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட 'வானாகிரை' தீநிரல் 2017 மே மாதத்தில் பல நாடுகளில் பரவியது. இத்தகைய தீநிரல்கள் இணைப்பிலுள்ள தட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. இயற்கைச் சீற்றமோ கணிப்பொறியையும் அருகிலுள்ள தட்டையும் சேர்த்தே கொண்டுபோகும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்கு நினைவுகூரலாம். ஆகவே, இரண்டாவது தட்டு ஒன்றைக் கடவுச்சொல்லிட்டு வேறிடத்தில் வைத்து, மாதந்தோறும் மாற்றிக்கொள்வது தக்கது. உறவினர் வீடு இதற்குப் பொருத்தம். அலுவலக மேசையன்று, இடமாற்ற ஆணை எப்போது வருமென யாரறிவார்!

எல்லாக் கோப்புகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் வழியே வழங்கப்படும் சான்றிதழ்களை மீண்டும் பெற இயலும். மறைந்த பெற்றோரின் நிழற்படங்களையும் சொந்தக் கையெழுத்துப் படிகளையும் வழங்க எந்தத் துறையும் இல்லை.

தானியங்கி என்பதால் சோதனை தேவையற்றது எனக் கொள்ளலாகாது. பைல் ஹிஸ்டரி, இயல்பாக, பயனாளரின் ஆவணங்கள், படங்கள் முதலிய குறிப்பிட்ட கோப்புறைகளையே பிரதியெடுக்கும். நம் நாட்டில் பலரும் கோப்புகளைச் சேமிக்கும் 'டி' பகுதி, தனியே சேர்த்தாலன்றி, அதில் இடம்பெறாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பார்த்தால், இக்குறை இழப்புக்கு முன்பே புலப்படும்.