அணை மட்டமும் அட்டவணையும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தேனி மாவட்டத்தில் காலையில் நாளிதழை விரித்ததும் பலரும் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. கீழே வைகை அணை நிறைந்து வருகிறதென்றால் ஆற்றங்கரை ஊர்களை எச்சரிக்க வேண்டும். இந்த எண்களைத் தவறாகப் படிப்பது கணக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண் இழப்பது போன்றதன்று.

கற்பனையாக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். செய்தி இவ்வாறு வருகிறது: ‘முல்லைப் பெரியாறு 132 அடி (142), வைகை 68 அடி (71), சோத்துப்பாறை 98.50 அடி (126.28), மஞ்சளாறு 53 அடி (57).’ அடைப்புக்குறிக்குள் இருப்பது தேக்கக்கூடிய உச்ச மட்டம். பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இப்போது சொல்லுங்கள்: நிரம்புவதற்கு மிக அருகில் இருக்கும் அணை எது? விடை அந்த வரியிலேயே இருக்கிறது. ஆனாலும் கண்டுபிடிக்க மனத்துக்குள் நான்கு கழித்தல் கணக்குகள் போட வேண்டியிருக்கிறது, அல்லவா?

சரி, கணினியிடம் கொடுத்துவிடலாம் என்று எக்செல் போன்ற விரிதாள் ஒன்றில் தட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் ‘132 அடி’, ‘68 அடி’ என்று அலகையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். பிறகு ‘பெரியது முதலில்’ என்று வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி தருவது இது: 98.50, 68, 53, 132. பெரியாறு கடைசிக்குப் போய்விட்டது! கணினிக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. ‘அடி’ என்ற சொல் ஒட்டியிருப்பதால் அது அந்தக் கட்டத்தை எண்ணாகக் கருதாமல் எழுத்துத் தொடராகக் கருதிவிட்டது. அகராதியில் சொற்களை ஒப்பிடுவது போல முதல் எழுத்தை மட்டும் முதலில் பார்த்தது. 9 பெரிது, பிறகு 6, பிறகு 5, கடைசியில் 1. ஆகவே அலகு இருக்க வேண்டிய இடம் நிரலின் தலைப்பு. கட்டத்துக்குள் எண் மட்டுமே. இந்தப் பிழைக்கு ஓர் அடையாளமும் உண்டு. விரிதாள் எண்களை வலப்புறமும் எழுத்துகளை இடப்புறமும் தானாகவே ஒதுக்கும். எண் இடப்புறம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

வலப்புறம் ஒதுக்குவது அழகுக்காக அன்று. ஒன்றின் இடம் ஒன்றின் கீழ், பத்தின் இடம் பத்தின் கீழ் நின்றால்தான் இடமதிப்பு கண்ணுக்குத் தெரியும். அப்போது நீளமான எண் இடப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்; படிக்காமலே அது பெரிது என்று புரியும். மடக்கை படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரு முழு எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பது, 10-ஐ அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கையின் முழுஎண் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும். அதாவது நேராக அடுக்கிய நிரல் ஒவ்வொன்றும் ஒரு முரட்டு மடக்கை வரைபடமே! தசமப் புள்ளிக்குப் பின் எல்லா எண்களுக்கும் ஒரே அளவு இலக்கங்கள் வேண்டும் என்பதும் இதனால்தான். 98.50-ம் 132-ம் அடுத்தடுத்து நின்றால் அடுக்கு கலைந்துவிடும்.

இனி நம் செய்தியைத் திருத்தி எழுதுவோம்.

| அணை | இன்று (அடி) | உச்சம் (அடி) | நிரம்ப மீதி (அடி) |
|---|---:|---:|---:|
| வைகை | 68.0 | 71.0 | 3.0 |
| மஞ்சளாறு | 53.0 | 57.0 | 4.0 |
| முல்லைப் பெரியாறு | 132.0 | 142.0 | 10.0 |
| சோத்துப்பாறை | 98.5 | 126.3 | 27.8 |

கழித்தலைக் கணினி செய்துவிட்டது. அந்த விடையை வைத்தே நிரைகளை வரிசைப்படுத்தியும்விட்டோம். வைகை முதலிடத்துக்கு வந்துவிட்டது. வைகையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பது நடைமுறை. அப்படியானால் நம் கற்பனை நாளில் இரண்டாம் எச்சரிக்கைக்கு அரையடிதான் பாக்கி.

ஆண்ட்ரூ எரன்பர்க் என்ற புள்ளியியலர் 1977-இல் இலண்டன் அரச புள்ளியியல் கழகத்தின் இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பிட வேண்டிய எண்களைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலும் கீழுமாக வையுங்கள். தாராளமாக முழுமையாக்குங்கள் என்றார். முழுமையாக்குவது என்றாலே நம் மாணவர்கள் பதறுவார்கள். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் கிலோவின் சராசரி விலை காசு வரை கணக்கிடப்படும். விற்றவருக்கு அந்தக் காசு வேண்டும்தான். ஆனால் மாதத்துக்கு மாதம் விலை ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பவருக்கு அது வெறும் தூசு. நல்லவேளையாக மென்பொருளில் காட்டும் எண் வேறு, சேமித்திருக்கும் எண் வேறு. காசு உள்ளே பத்திரமாக இருக்கும். திரையில் ரூபாய் மட்டும் தெரியும்.

வரிசை எப்போதும் அளவைப் பொறுத்ததுதானா? இல்லை. மழை அளவுப் பட்டியலை அகரவரிசையில் எழுதினால் உத்தமபாளையம், கூடலூர், தேக்கடி, பெரியாறு, வீரபாண்டி, வைகை அணை என்று வரும். அதையே தண்ணீர் வரும் வழியில், மலையிலிருந்து கீழே இறங்குவது போல எழுதுங்கள்: பெரியாறு, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வீரபாண்டி, வைகை அணை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த நாட்களில் எண்கள் மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைவதைப் பல முறை காணலாம். காற்று ஈரத்தை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட, பள்ளத்தாக்கு மழைமறைவில் கிடக்கிறது. புவியியல் பாடத்தில் படித்தது எண்களாக எழுந்து நிற்கிறது. அகரவரிசை இதை ஒளித்துவிடும். பெயரைத் தேடுவதற்கு மட்டுமே அகரவரிசை நல்லது.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக: கட்டங்களுக்கு நிறம் தீட்டுவதானால் ஒரே நிறத்தை வெளிறலிலிருந்து அடர்த்தி வரை பயன்படுத்துங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் இருக்கிறார்கள். கனமான கட்டக் கோடுகளையும் நீக்கிவிடலாம், இடைவெளியே போதும்.

கடைசியாக ஒரு பொறி. பெரியாறு ‘142-இல் 132, ஆகவே 93 விழுக்காடு நிறைந்துள்ளது’ என்று ஒரு நிரல் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். தமிழகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கவழியின் வாய் 104 அடியில் இருக்கிறது. அதற்குக் கீழுள்ள நீர் நமக்கு வராது. வெப்பநிலைமானியில் 0 டிகிரி செல்சியசு என்றால் வெப்பமே இல்லை என்று பொருளில்லை அல்லவா? இங்கும் நமக்கு உரிய பூச்சியம் 104. அங்கிருந்து அளந்தால் 38 அடியில் 28 அடி, அதாவது 74 விழுக்காடு. அதுவும் உயரத்தில்தான், மலை இடுக்கில் தேங்கும் நீர் மேலே போகப்போக அகலமாக விரிவதால், மேல் அடி ஒவ்வொன்றும் கீழ் அடியைவிட அதிகத் தண்ணீரைக் கொள்ளும்.

நாளைய நாளிதழிலிருந்து அணை மட்டங்களை எடுத்து, ‘104-க்கு மேல்’ என்ற நிரலைப் பெரியாற்றுக்கு நீங்களே சேர்த்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நிரை எழுதி வந்தால் போதும்.