எந்த மூட்டை என்று சொல்லுங்கள்

உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தந்திருக்கிறது. அதே பாட்டைச் சேர்த்து ஸ்டுடியோக்காரர் கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றினால், அந்த விலக்கு அங்கே துணைக்கு வராது. பாட்டுக்கு உரிமையுள்ள கம்பெனி கேட்டால் ஏற்றியவர் பதில் சொல்ல வேண்டும். சரி, இடம் கொடுத்த தளம்?

மண்டபத்துச் சமையல்கூடத்தை எண்ணிப் பாருங்கள். அடுப்பும் அண்டாவும் மண்டபக்காரருடையவை. மளிகை, சமைக்க வருகிறவர்களுடையது. ஒருவர் கொண்டுவந்த பண்ருட்டி முந்திரி மூட்டை திருட்டு மூட்டை. மண்டபக்காரருக்குத் தெரியாது என்றால் பழி அவர்மேல் விழாது. அவரே கொண்டுவரச் சொல்லியிருந்தாலோ, தெரிந்த பிறகும் சும்மா இருந்தாலோ மாட்டிக்கொள்வார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தளங்களுக்குத் தரும் பாதுகாப்பு ஏறக்குறைய இதுதான்.

‘தெரியும்’ என்பது எப்போது? பயனர்கள் ஏற்றிய தன் பாட்டுகளுக்காக டி-சீரிஸ் இசைக் கம்பெனி மைஸ்பேஸ் தளத்தின்மீது 2008இல் தொடுத்த வழக்கு இந்தக் கேள்வியில்தான் சுழன்றது. 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தளத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பாட்டுகளின் பெயர்ப் பட்டியலை மொத்தமாக நீட்டி, ‘இங்கே எங்கோ என் முந்திரி இருக்கிறது’ என்றால் போதாது. எந்த மூட்டை என்று காட்ட வேண்டும். கணினி தானாக விளம்பரம் சேர்ப்பதும் கோப்பின் வடிவத்தை மாற்றுவதும் தளமே மூட்டையில் கைவைத்ததாக ஆகாது. இது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்றால் சின்னத் தளம் எதுவும் பிழைக்காது.

சென்னையில் 2012இல் நடந்தது இன்னும் கண்கூடு. ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க அதன் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். இணைய சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக அடைத்துவிட்டன. ஒரு மூட்டைக்காகக் கூடத்தையே பூட்டிய கதை. படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

மூட்டையைக் காட்டிவிட்டால் அடுத்து என்ன என்பதை 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதி சொல்கிறது. புகார் எழுத்தில் வர வேண்டும், விவரங்களோடு. தளம் 36 மணி நேரத்துக்குள் அந்த மூட்டையை மறைக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அதைத் திரும்ப வைக்கலாம்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். முந்திரி தன் சொந்தக் காசில் வாங்கியது என்று சொல்ல, கொண்டுவந்தவருக்கு அந்த விதியில் இடமே இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அதற்கென்றே எதிர் அறிவிப்பு என்று ஒன்று உண்டு. முறையாக உரிமம் வாங்கிய இசையைச் சேர்த்த உளுந்தூர்பேட்டை ஸ்டுடியோக்காரருக்கோ, தளம் தானாக வைத்திருக்கும் மறுப்புப் படிவம்தான் கதி. முகூர்த்த மாதத்தில் 21 நாள் வீடியோ மறைந்து கிடந்தால் அவருக்கு வரவேண்டிய வேலை வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அவர் பதில் சொல்வதற்கான இடத்தை 75ஆம் விதியிலேயே எழுதித் தர வேண்டும்.