மஞ்சள் தேநீர்க் கெண்டி

டீ ஆறுவதற்குள் ஒரு பந்தயக் காரைப் பார்த்துவிடுவோம். 1977-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ரெனால்ட் நிறுவனம், ஃபார்முலா ஒன்னுக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறம். ஓடிக்கொண்டே இருக்கும்போது புகையைக் கக்கிவிட்டு ஓரமாக நின்றுவிடும். 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

டர்போவுக்குள் இருப்பது ஒரு தண்டு, அதன் முனைக்கு ஒன்றாக இரு சக்கரங்கள். எஞ்சின் வெளியே துப்பும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. கூடவே சுழலும் மற்றது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். திணித்த காற்று, வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிக அழுத்தத்தில் நிற்கிறதோ அதுதான் பூஸ்ட்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். பூஸ்ட் முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு சக்தி என்று நினைக்கிறோம். வைகுண்ட ஏகாதசியன்று கோயில் வாசலில் எவ்வளவு நெரிசல் என்று பார்த்து, உள்ளே எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா? முள் காட்டுவது நெரிசலை. எஞ்சினுக்கு வேண்டியதோ தலைக்கணக்கு, அதாவது உள்ளே போன காற்றின் எடை.

இரண்டும் ஏன் வேறாகின்றன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடும் அல்லவா? அமுக்கினால் காற்று சூடாகும். சின்ன டர்போவை அதன் சக்திக்கு மீறி விரட்டினால் சூடு இன்னும் கூடும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். முள் நகராது, எடை குறையும். போதாததற்கு, சின்ன டர்போவின் குறுகிய வழியில் புகையை வெளியே தள்ளவே பிஸ்டன் மூச்சுவாங்கும். ஆகவே அதே 1 பார் (அழுத்த அலகு) பூஸ்டில், எஞ்சின் அதிவேகத்தில் ஓடும்போது, பெரிய டர்போ அதிகக் குதிரைத்திறன் தரும்.

அப்படியானால் பெரியதையே மாட்டிவிடலாமே? பெரிய சக்கரம் கனம். வேகம் பிடிக்க நேரமாகும். மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும். ரெனால்ட் பட்ட பாடும் அதுதான். 1979-இல் ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு இரண்டு சிறியவற்றை வைத்தார்கள். அந்த ஜூலையில் பிரான்சின் டிஜோனில் ரெனால்ட் ஓட்டுநர் ழான்-பியர் ழபூய் வென்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போவுக்கு அதுவே முதல் வெற்றி.

பூஸ்டை ஏற்றினால் எஞ்சினின் ஆயுள் கரையும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் அடி வாங்கும். பெட்ரோல் எஞ்சினில் சூடான காற்று இன்னொரு தொல்லை தரும்: கலவை நேரந்தவறித் தானாக வெடித்து 'டக் டக்' என்று தட்டும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பது இதைத்தான். 1986-இல் 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ எஞ்சினில், தகுதிச் சுற்றுக்கு மட்டும், வெளிக்காற்றையும் சேர்த்து 5 பாருக்கு மேல் ஏற்றினார்கள். ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. ஆயுள் சில சுற்றுகள்தான். விதி வகுப்போர் 1987-இல் அதே கணக்கில் 4 பார், மறு ஆண்டு 2.5 பார் என்று கடிவாளம் போட்டு, 1989-இல் டர்போவையே விலக்கிவிட்டார்கள்.

டர்போவுக்கும் ஆயுள் உண்டு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் சின்னத் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. மலையேறி வந்த வண்டியை நிறுத்திய டிரைவர், சாவியைத் திருப்பாமல் சிறிது நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவார். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, அந்தச் சூட்டில் அங்கேயே கருகிப் படியும்.