‘ஹீட் சிங்க் சுடவே இல்லை, சார்!’

மன்னார்குடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். கடையில் பாட்டுப் போட, எல்எம்3886 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தன் கையாலேயே கோத்திருக்கிறார். மெல்ல வைத்தால் நாள் முழுக்கப் பாடுகிறது. காலைக் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கட்டும் என்று வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் ஒரு நிமிடம்தான், பல்லவி முடிவதற்குள் ஊமை. நாலைந்து நொடியில் தானாகவே திரும்பப் பாடும். மறுபடி ஊமை. “எஸ்.பி.பி.க்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கு சார்” என்றார்.

ஐசி டூப்ளிகேட் என்று நினைத்து மாற்றியிருக்கிறார். இரண்டாவதும் விக்கியது, மூன்றாவதும் விக்கியது. சூடாகி நிற்கிறதோ என்று கேட்டேன். “அதான் இல்லியே! ஹீட் சிங்க்ல கையை வச்சுப் பாத்துட்டேன். சுடவே இல்லை, சார்!”

நோயின் பெயர் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருந்தது. அவரோ அதை நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகச் சொன்னார்.

ஆம்ப் ஐசி சூடானால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்பது தெரிந்த சங்கதி. எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத கதை. உள்ளே தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு சாதாரண டிரான்சிஸ்டர், ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்திலேயே, அதே சிலிக்கான் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் விழிக்க 0.65 வோல்ட் வாக்கில் வேண்டும் என்று படித்திருப்போம். அந்த எண் சூட்டில் கரையும் என்பதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் இறங்கும். 25 டிகிரியில் 0.65 வோல்ட் கேட்கும் அதே டிரான்சிஸ்டர், 150 டிகிரியில் 0.4 வோல்ட் கொடுத்தாலே எழுந்துவிடும். வடிவமைப்பாளருக்கு இது போதும். சூட்டுக்கு அசையாத ஒரு 0.4 வோல்ட்டை அதன் பேஸில் நிரந்தரமாகக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஐசிக்கு ஐசி எண்கள் கொஞ்சம் மாறும், தந்திரம் இதுதான்.

திண்ணையில் தூங்கும் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் காதருகே தவில் வாசித்தாலும் எழமாட்டார். சித்திரை இரவில், கரண்டும் போய்விட்டால், தூக்கம் மெலிந்து மெலிந்து, உள்ளே பிள்ளைகள் கிசுகிசுப்பதே அவரை எழுப்பிவிடும். இத்தனைக்கும் பிள்ளைகள் மார்கழியிலும் அதே அளவில்தான் கிசுகிசுத்தார்கள். சத்தம் மாறவில்லை, தூக்கத்தின் ஆழம்தான் மாறியது. எழுந்த தாத்தா நேராகப் போய் டிவியை நிறுத்துகிறார். நம் டிரான்சிஸ்டரும் விழித்த கையோடு பெரியவர்களுக்குப் போகும் மின்னோட்டத்தைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது, பாட்டு நிற்கிறது. தாத்தாவைப் படுக்கவைக்க லேசாகக் காற்று வீசினால் மட்டும் போதாது, வீடு நன்றாகக் குளிர வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்எம்3886-லும் அந்த முறுக்கு உண்டு. 165 டிகிரியில் நிற்கும், 155-க்கு இறங்கினால்தான் மறுபடி பாடும். நடுவில் இந்தப் பத்து டிகிரி இல்லையென்றால், எல்லைக் கோட்டிலேயே நின்றுகொண்டு நொடிக்குப் பலமுறை அணைந்து எரியும். தாத்தா 165 டிகிரியில் என்ன ஆவார் என்று கேட்கக் கூடாது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் காவல் நிலையத்தில் போய்த்தான் முடியும்.

இதில் இன்னொரு அழகு உண்டு. சூட்டில் தூக்கம் மெலியும் இந்தக் குணம்தான் பவர் டிரான்சிஸ்டர்களின் எமன். சூடானால் அதே வோல்ட்டில் கூடுதல் மின்னோட்டம், அதனால் இன்னும் சூடு, அதனால் இன்னும் மின்னோட்டம், கடைசியில் புகை. எது கொல்லுமோ அதையே சம்பளம் கொடுத்து வாசலில் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறார்கள்.

யார் முதலில் செய்தது என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த பாப் விட்லர், 1970-ஐ ஒட்டி வந்த எல்எம்109 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டருக்குள் இந்தக் காவலை வைத்துப் பிரபலமாக்கினார். நிறுவனம் செலவைக் குறைக்கப் புல்வெட்டுவதை நிறுத்தியபோது, தன் காரில் ஒரு ஆட்டை ஏற்றிவந்து வளாகத்துப் புல்வெளியில் மேயவிட்டவரும் இவர்தான். ரெகுலேட்டரை விட ஆடு புகழ்பெற்றுவிட்டது. அதே நிறுவனம் பின்னாளில் கொண்டுவந்த எல்எம்3886-ல் காவலை நுணுக்கமாக்கி, ‘ஸ்பைக்’ என்று பெயர் வைத்தார்கள். பெரிய டிரான்சிஸ்டர்களின் நொடிநேரச் சூட்டைக் கவனிக்கும் ஏற்பாடு என்பது அதன் விரிவு. ஆங்கிலத்தில் அதன் கடைசி இரண்டெழுத்துக்காகக் கெல்வினின் முதல் இரண்டெழுத்தைப் பிடித்துவந்து ஒட்டியிருக்கிறார்கள். ஏற்பாடு உண்மையிலேயே நல்லது. பெயர் விளம்பரக்காரர் வேலை.

டீக்கடைக்குத் திரும்புவோம். நின்ற பாட்டு எத்தனை நேரத்தில் திரும்பியது என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. ஐந்து பத்து நிமிடம் என்றால் ஹீட் சிங்க் முழுவதுமே கொதித்துக் கிடக்கிறது, அந்த அலுமினியக் கட்டி ஆற அவ்வளவு நேரம் பிடிக்கிறது, சிங்க் சிறிது என்று அர்த்தம். நாலைந்து நொடி என்றால் சூடாக இருந்தது ஐசி மட்டும்தான். நகத்தளவு சிலிக்கானும் அதன் முதுகுத் தகடும் சூடேறுவதும் சட்டென்று, ஆறுவதும் சட்டென்று. சிங்க் குளுகுளுவென்று இருக்கிறது, ஐசி 165-ஐத் தொடுகிறது என்றால் சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவில்லை. பருப்பு கரையாத சாம்பாரில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மகிழ்வது போலத்தான், சிங்க் சுடவில்லை என்று மகிழ்வதும்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போடலாம். அவருடைய டிரான்ஸ்ஃபார்மர் 20-0-20, மூன்று ஆம்பியர். டிசியாக்கினால் பிளஸ்-மைனஸ் 28 வோல்ட். கடைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டியதால் ஐசிக்குத் தெரிவது 4 ஓம். இந்த நிலையில் ஐசி அதிகபட்சம் 40 வாட்டைச் சூடாக எரிக்கும். வால்யூமை முழுக்கத் திருகினால்தான் அதிகச் சூடு என்று நினைப்போம். இல்லை. கணக்குப்படி முழு வால்யூமில் 27 வாட்தான் வீணாகிறது. ஸ்பீக்கருக்கு 40 வாட் போகும் இடைப்பட்ட வால்யூமில்தான் ஐசியும் 40 வாட்டைத் தின்கிறது, பாதிக்குப் பாதி. ‘கொஞ்சம் ஏற்றினேன்’ என்று அவர் சொன்னது ஏறக்குறைய அந்த இடமாகத்தான் இருக்கும். ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதினால் வரும் கணக்கு இது, பாட்டில் குறையும். என்றாலும் பார்ப்போம். சிலிக்கானிலிருந்து முதுகுத் தகடு வரை வாட்டுக்கு ஒரு டிகிரி, ஆக 40. தகட்டிலிருந்து மைக்கா வழியாகச் சிங்க் வரை, ஒழுங்காகப் பொருத்தினால் வாட்டுக்கு அரை டிகிரி, 20. நல்ல சிங்கிலிருந்து காற்றுக்கு ஒன்றரை, 60. கடைக்குள் 35. கூட்டினால் 155. வேலிக்கு இப்புறம் பத்து டிகிரி மிச்சம். அந்த அரை டிகிரி இரண்டாகிவிட்டால் 215. அங்கே போய்ச் சேரும் முன் தாத்தா எழுந்துவிடுவார்.

வேறு காரணங்களால் நிற்கும் கேஸ்களும் உண்டு. ஆரம்பத்திலிருந்தே மௌனம் என்றால் எட்டாம் காலைப் பாருங்கள். இந்த ஐசியில் அந்தக் காலிலிருந்து அரை மில்லி ஆம்பியராவது வெளியே இழுத்தால்தான் வாய் திறக்கும், சும்மா விட்டால் ம்யூட். பாட்டே இல்லாமல் ஐசி கொதித்தால் அது நம் காதுக்கு எட்டாத உயரத்தில் தனக்குத் தானே ஊளையிடுகிறது. சப்ளைக் கால்களுக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோ கண்டன்சர் இருக்கிறதா, கெயினைப் பத்துக்குக் கீழே இறக்கிவிட்டீர்களா என்று பார்த்தால் போதும். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் பழைய மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோனால் சில நேரம் இரைந்து காட்டிக்கொடுக்கும்.

பெட்டியின் முகப்பில் வாசகர் ‘3000 வாட் பிஎம்பிஓ’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கடையில் முகப்புப் பலகையே அப்படித்தான் அச்சாகி வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் 40 வோல்ட்டை மூன்று ஆம்பியரால் பெருக்கினால் 120. மீதி 2880 வாட் ஸ்டிக்கரிலிருந்து வர வேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும் வேலை இருந்ததால் கடையில் இறங்கினேன். டீ வந்தது, ஸ்க்ரூடிரைவரும் வந்தது. ஐசியைக் கழற்றி மைக்காவை உரித்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பேஸ்ட் கீழ்ப்பாதியில் தடவிய மேனிக்கு, விரல் கோடுகூடக் கலையாமல் மொத்தையாக இருந்தது. எதுவும் அதை அழுத்தியதே இல்லை. சிங்கில் திருகாணிக்காக ட்ரில் போட்ட ஓட்டையைச் சுற்றி, நகம் வைத்துத் தடவினால் உணரும் அளவுக்கு ஒரு பிசிறு. அந்த அலுமினிய வளையத்தின் மேல் தகடு ஏறி, ஒருபுறம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஐசி இரண்டு முறை மாறியது, ஓட்டை மாறவில்லை.

“பேஸ்ட்தான் நிறைய வச்சிருக்கேனே சார், இடைவெளியை அது நிரப்பாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சோறு வடித்த கஞ்சி. கண்ணுக்குத் தெரியாத கீறல்களை நிரப்பத்தான் அது, மேட்டுக்கு முட்டுக்கொடுக்க இல்லை. வைரத்தூள் கலந்தது, வெள்ளித்தூள் கலந்தது என்று விலை ஏற்றி விற்கும் டியூப்களுக்கும் இதே பதில்தான். அவர் வாங்கவில்லை, நல்லவேளை.

மைக்காவையும் விட்டுவிடலாமே என்று பையன் ஒருவன் யோசனை சொன்னான். இந்த வகை ஐசியில் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு ஒன்றாக இருக்கிறது. மைக்கா இல்லையென்றால் சிங்கிலேயே மைனஸ் 28 வோல்ட் நிற்கும், சிங்க் பெட்டியைத் தொட்டால் சப்ளை ஷார்ட்.

இரண்டு மடங்கு பெரிய ட்ரில் பிட்டை ஓட்டையின் வாயில் வைத்துக் கையாலேயே நாலு திருகு திருகினோம். பிசிறு சுருள் சுருளாக வந்தது. உப்புத்தாள் போட்டு மட்டமாகத் தேய்த்து, சுவரில் மெல்லிய வெள்ளை பூசும் அளவுக்குப் பேஸ்ட், புது மைக்கா, பழைய மூன்றாவது ஐசியே. மல்டிமீட்டரில் தகட்டுக்கும் சிங்குக்கும் தொடர்பில்லை என்று பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். வால்யூம் வழக்கமாக விக்கும் இடத்தைத் தாண்டிப் போனது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, நான் இன்னொரு டீ குடித்தேன், ஐந்தாவது பாட்டும் முடிந்தது.

பஸ் ஏறிய பிறகு போன் வந்தது. குரலில் கவலை.

“சார், பாட்டு நல்லாத்தான் ஓடுது. ஆனா இப்ப ஹீட் சிங்க்ல கையே வைக்க முடியலியே?”