கடை ஒலிபெருக்கி யார் காதுக்கு?



நைனார்பாளையத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வரும் நாம், ஒரு பொங்கல் சமயம் சரக்கு விவரம் சொல்லக் கடை வாசலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டினோம். அந்த இரைச்சலில் வெல்லத்துக்கு நாம் சொன்ன "எண்பது", வாடிக்கையாளர் ஒருவர் காதில் "எழுபது" என்று விழுந்தது. பில்லைப் பார்த்ததும் "பேச்சு மாறுகிறீர்களே" என்று வருத்தப்பட்டுப் போய்விட்டார். பல வருட வாடிக்கை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கோ பரீட்சை நேரம். வியாபாரத்துக்குக் கட்டியது வியாபாரத்தையே கெடுத்தது.

கூம்பு, ஒலியைத் தெருக்கோடி வரை கொண்டுபோகச் செய்யப்பட்டது. சிறிய பெட்டி ஒலிபெருக்கியோ சிம்னி விளக்கைப் போல நாலாபுறமும் பரப்பும். நமக்கு வேண்டியது டார்ச் விளக்கு.

அந்த வேலையைச் செய்பவை பலகை போன்ற தட்டை ஒலிபெருக்கிகள். பலகை முழுவதும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. நாலு பேர் ஒரே மூச்சில் மூட்டையைத் தூக்குவது போல, நேர் எதிரே அதிர்வுகள் சேர்ந்து வலுக்கின்றன. பக்கவாட்டில் அவை முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஒலி அலையின் நீளத்தைவிடப் பலகை பெரிதாக இருக்க வேண்டும். விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியின் அலை சுமார் 34 செ.மீ. இரண்டடிப் பலகை அதை ஓரளவு குவிக்கும். 2,000 அதிர்வானால் இன்னும் நன்றாகக் குவிக்கும். 100 அதிர்வுள்ள கனத்த ஒலியின் அலையோ 3.4 மீட்டர், அது பலகைக்கு அடங்காது. "எண்பது", "எழுபது" என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் மேல் அதிர்வுகளில்தான் இருக்கிறது. ஆகவே பேச்சுக்குக் கனத்த ஒலி அதிகம் தேவையில்லை.

1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜோசப் பாம்பேய் என்பவர் காதுக்குக் கேட்காத மீயொலியைக் கொண்டு இன்னும் குறுகலாக ஒலியைக் குவித்தார். அருங்காட்சியகங்களில் ஒரு பொருளின் முன் நிற்பவருக்கு மட்டும் விளக்கம் கேட்க இம்முறையும் பயன்படுகிறது.

அந்த விலையுயர்ந்த கருவி நமக்கு வேண்டாம். அதன் பாடம் போதும். நாம் கூம்பை இறக்கிவிட்டோம். கல்லாவுக்கு மேலே சிறு பெட்டி ஒன்றை வாடிக்கையாளர் நிற்கும் இடம் நோக்கிக் கீழ்முகமாகத் தொங்கவிட்டு, பேஸைக் குறைத்தோம். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். ஆகவே சத்தமாக வைக்கத் தேவையில்லை. ஷட்டரும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அடுக்கிய சாக்கு மூட்டைகள் ஓரளவு விழுங்கும்.

சட்டமும் நினைவிருக்கட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புக்கு 55. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் கூடாது.

கடைக்கு வந்தவருக்கு விலை தெளிவாகக் கேட்டால் போதும். ஊர் முழுக்கக் கேட்டு, வந்தவருக்குக் கேட்காமல் போனால் நட்டம் நமக்கே.