ஜன்னலோரத்தில் ஓர் அமானிதம்

மூடுபனி இறங்கித் தேயிலை மலைகளை மறைத்துவிடும் பொகவந்தலாவையின் மாலைப் பொழுதில், வீட்டுக்குள் ஒரு பூ மலர்ந்திருப்பதைப் பார்ப்பது மனதுக்கு எத்தனை இதம்! அப்படி வீட்டுக்குள்ளேயே மலரக்கூடியதுதான் செருப்பு ஓர்க்கிட். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்திருப்பதால் இந்தப் பெயர். தாவரவியலார் இதைப் பாபியோபெடிலம் என்பர்.

அந்தக் குழிவு வெறும் அழகுக்காக அமைந்ததல்ல. பூவை நாடி வரும் சிறு ஈ வழுக்கி அதற்குள் விழுகிறது. விழுந்த வழியே திரும்ப முடியாது. பின்புறத்திலுள்ள ஒடுங்கிய பாதையால்தான் வெளியேற வேண்டும். வெளியேறும்போது மகரந்தம் அதன் உடலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவிலும் அது விழுந்தால் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஒரு சிறு பூவுக்குள் இத்தனை ஏற்பாடு! சுப்ஹானல்லாஹ்!

அன்பே அழித்த செடி

நான் முதலில் வாங்கிய செடி நான்கு மாதம்கூட உயிரோடிருக்கவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. இலைகள் சோர்ந்தபோது, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் அழுகிப் போயிருந்தது.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நான், ஒரு பூச்சாடியில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன்! அல்லாஹ் ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு படைத்திருக்கிறான். அந்த அளவை அறிவதுதான் பராமரிப்பு.

அறிய வேண்டிய அளவுகள்

வேறு பல ஓர்க்கிட்களுக்கு நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு உண்டு. செருப்பு ஓர்க்கிட்டுக்கு அது இல்லை. ஆகவே முற்றாகக் காயவும் விடக்கூடாது, ஊறவும் விடக்கூடாது. மேற்பரப்பு காயத் தொடங்கும்போது ஊற்றினால் போதும். மழைநீர் மிகவும் நல்லது. காலையில் ஊற்றுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் இரவு முழுவதும் நீர் தங்கினால் அது அழுகிவிடும்.

தோட்டத்து மண்ணில் நடாதீர்கள். மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு, நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தேங்காய்ப் பொச்சுத் துண்டு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நடுங்கள். இந்தக் கலவை உக்கிவிடுமுன், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

காலை வெயில் மெல்லிதாகப் படும் கிழக்கு ஜன்னல் இதற்கு ஏற்ற இடம். இலை மஞ்சளித்தால் வெளிச்சம் அதிகம். கரும்பச்சையாகிப் பூக்காமல் நின்றால் வெளிச்சம் குறைவு என்று பொதுவாகக் கொள்ளலாம். இலையில் புள்ளிக்கோலம் உள்ள வகைகள் பெரும்பாலும் வெப்பத்தை விரும்புபவை. முழுப்பச்சை இலை வகைகளில் பல குளிர்ந்த இரவுகளை விரும்புபவை. நமது மலைநாட்டுக்கு அவையே பொருத்தம்.

ஒரு குருத்து ஒரு தடவைதான் பூக்கும். பிறகு பக்கத்தில் புதுக்குருத்து வரும். பூ உதிர்ந்ததும் செடி செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள்!

எங்கிருந்து வந்தது?

"காட்டிலிருந்து பிடுங்கி வந்த ஓர்க்கிட் மலிவாகக் கிடைக்குது மௌலவி, வாங்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டார். அவருக்கு நான் சொன்னது அகத்தியர் மலையின் கதை.

தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள அந்த மலைப்பகுதியில் மட்டுமே வளர்வது பாபியோபெடிலம் டுரூரி. மஞ்சள் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும் அழகான பூ. 1865-இல் ஜோன் அலன் புரூன் அதைக் கண்டார். 1874-இல் பெட்டோம் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அதன் பிறகு சேகரிப்போர் கைகளும் காட்டுத்தீயும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டன. அழகாயிருந்ததே அதற்கு ஆபத்தாயிற்று!

இந்த ஓர்க்கிட்டின் விதை தூசி போன்றது. உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சணத்தின் துணை கிடைத்தால்தான் அது முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருடங்கள் செல்லும். பிடுங்குவதற்கோ ஒரு நிமிடம் போதும். இதனால்தான் சைட்டிஸ் எனப்படும் சர்வதேச உடன்படிக்கை, காட்டில் பிடுங்கிய செருப்பு ஓர்க்கிட்களின் வர்த்தகத்தைத் தடுக்கிறது.

செருப்பு ஓர்க்கிட் நமது நாட்டுக் காடுகளில் இல்லை. ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத வெசாக் மல் போன்ற ஓர்க்கிட்கள் இங்கே உண்டு. நம் பிள்ளைகளும் அவற்றைக் காண வேண்டாமா? எனவே நாற்றுமேடையில் வளர்த்த செடியையே கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடலாம். உணவு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் நாம், வீட்டை அலங்கரிக்கும் பூவையும் விசாரிப்பதுதானே நேர்மை?

அந்தச் சகோதரி காட்டுச் செடியை வாங்கவில்லை. பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் மண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, நாற்றுமேடைச் செடி ஒன்றை வாங்கி வந்தார். இன்று அது அவரது ஜன்னலோரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இளைய மகளுக்கு. சாடிக்குள் விரலை வைத்து ஈரம் பார்த்த பிறகே அவள் ஊற்றுகிறாள்.

நம் கையில் வந்த எந்த உயிரும் அமானிதமே. அதை அளவறிந்து பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.